ஒரு புள்ளிதானே, அண்ணா?



போன மாதம் சனிக்கிழமை வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்கு நான் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு தங்கை கணக்கைப் பிரமாதமாகச் செய்திருந்தாள். சூத்திரம் சரி. படிகள் சரி. கடைசி வரியில் மட்டும் 3.6 என்று வர வேண்டியது 0.36 என்று வந்திருந்தது. நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

"ஒரு புள்ளிதானே, அண்ணா? வழிமுறைக்கு மார்க் உண்டுல்ல?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போதுதான், சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஏனென்றால், இதே மாதிரி ஒரு தசமப் புள்ளியால் வீணாய்ப்போன ராக்கெட் ஒன்றின் கதை எனக்குத் தெரியும். நான் செய்த ஒரு தவறும் அந்தக் கதையோடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் வரும். அதையும் பின்னால் சொல்கிறேன். முதலில் ராக்கெட்.

டைட்டன் 4: அரசாங்கத்தின் பாரம் தூக்கி

அந்த ராக்கெட்டின் பெயர் டைட்டன் 4. அமெரிக்க அரசாங்கத்தின் கனமான துணைக்கோளங்களை ஏற்றிச் செல்வதற்காகவே செய்யப்பட்டது. டைட்டன் என்ற குடும்பமே ஏவுகணையிலிருந்து பிறந்தது. பிறகு அது படிப்படியாக விண்வெளிப் பயணத்துக்கு மாற்றப்பட்டது.

1980-களில் அமெரிக்கா, எல்லாத் துணைக்கோளங்களையும் ஸ்பேஸ் ஷட்டலிலேயே அனுப்பிவிடலாம் என்று நினைத்தது. ஆனால் விமானப் படைக்கு அதில் பயம் இருந்தது. ஷட்டல் ஒருநாள் நின்றுபோனால் நாட்டின் பாதுகாப்புத் துணைக்கோளங்களும் தரையிலேயே நின்றுவிடுமே! அதனால் மாற்று ஏற்பாடாக ஒரு பெரிய ராக்கெட் வேண்டும் என்று கேட்டு, 1985-இல் ஒப்பந்தமும் போட்டார்கள். 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் ஷட்டல் வெடித்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, மாற்று ஏற்பாடு என்று தொடங்கியதே முக்கிய ஏற்பாடாக ஆகிவிட்டது. 1989 ஜூன் 14-ஆம் தேதி முதல் டைட்டன் 4 கிளம்பியது.

அதன் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வரைந்து பாருங்கள். நடுவில் இரண்டு அடுக்குள்ள உடல். அதில் நிரப்பும் இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும். தனியாகப் பற்றவைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் இரண்டு மாபெரும் திட எரிபொருள் பூஸ்டர்கள். தரையிலிருந்து கிளம்பும்போது எரிவது இந்தப் பூஸ்டர்கள் மட்டும்தான். நடு இயந்திரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து மேலே போன பிறகுதான் பற்றும். உச்சியில் துணைக்கோளத்தை மூடிக் காக்கும் கூம்பு. அதன் குறுக்களவு மட்டுமே ஏறக்குறைய 5 மீட்டர். எல்லாம் சேர்த்து 60 மீட்டர் உயரம். அதாவது 20 மாடிக் கட்டடம் ஒன்று நெருப்போடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமிக்கு மிக அருகிலுள்ள பாதைக்கு இது 20 டன்னுக்கும் மேல் தூக்கும். மேலே சென்டார் என்ற கூடுதல் அடுக்கைப் பொருத்தினால், 35,800 கிலோமீட்டர் உயரத்துக்கு 5 டன்னுக்கும் மேல் கொண்டுபோகும்.

எதிரியின் ஏவுகணை கிளம்பினால் அதன் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் துணைக்கோளம், போர்க் காலத்திலும் தொடர்பு அறுந்துபோகாமல் காக்கும் துணைக்கோளம், உளவுத் துணைக்கோளம்: இவைதான் டைட்டன் 4 சுமந்தவை. சனிக் கிரகத்துக்குப் போன காசினி விண்கலத்தையும் 1997-இல் இதே ராக்கெட்தான் அனுப்பியது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் சனிக் கிரக வளையத்தின் அழகான படங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல காசினி எடுத்தவை.

இவ்வளவு பெரிய வேலைக்கு விலையும் பெரிது. ராக்கெட்டுக்கு மட்டுமே 400 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் துணைக்கோளத்தின் விலை சில சமயம் அதைவிட இரண்டு மடங்கு. ஆக, இங்கே தவறு நடந்தால் 'மார்க்' குறைவதோடு முடிந்துபோகாது.

ஒன்பது மாதத்துக்குள் மூன்று அடி

1993-இல் ஒரு டைட்டன் 4 நடுவானில் வெடித்திருந்தது. பிறகு ஐந்து ஆண்டு எல்லாம் ஒழுங்காகவே போனது. அதற்கப்புறம் வந்தது அந்தக் கெட்ட காலம். மூன்று தோல்விகளையும் வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, 1998 ஆகஸ்டு 12. கிளம்பி ஏறக்குறைய 40 வினாடியில் ராக்கெட் மூக்கைத் தாழ்த்தியது, உடைந்து வெடித்தது. உள்ளே உளவுத் துணைக்கோளம். நஷ்டம் 1 பில்லியன் டாலருக்கு மேல். காரணம்? மின்கம்பி ஒன்றின் மேலுறை சேதமாகியிருந்தது. அதனால் மின்சாரம் தாறுமாறாகி, வழிகாட்டும் கணினி கண நேரம் அணைந்து மீண்டும் விழித்தது. அந்தக் கண நேரத்தில் தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதையே அது மறந்துவிட்டது.

இரண்டாவது, 1999 ஏப்ரல் 9. ஏவுகணை எச்சரிக்கைத் துணைக்கோளம் ஒன்று. டைட்டன் தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் அதற்கு மேலே இருந்த உந்து கலத்தின் இரண்டு அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று முழுதாகப் பிரியவில்லை. காரணம், பிரிய வேண்டிய ஒரு மின் இணைப்பின் மேல் வெப்பக் காப்பு டேப்பை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். டேப், தம்பி! எங்கே வரை சுற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது செய்முறைக் குறிப்பில் தெளிவாக எழுதப்படவில்லை.

மூன்றாவது, 1999 ஏப்ரல் 30. நம் பாடத்தின் மையம் இதுதான்.

அந்தப் புள்ளி

அன்று ஃபுளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து மில்ஸ்டார் என்ற இராணுவத் தொடர்புத் துணைக்கோளம் கிளம்பியது. துணைக்கோளம் ஏறக்குறைய 800 மில்லியன் டாலர். ராக்கெட் 433 மில்லியன் டாலர்.

ராக்கெட் பறக்கும்போது எவ்வளவு வேகமாக உருளுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஜைரோஸ்கோப் அளந்து கணினிக்குச் சொல்லும். எரிபொருள் தொட்டிக்குள் திரவம் தளும்புவதால் வரும் சின்னச் சின்ன ஆட்டத்தையும் கணினி பெரிதாக எடுத்துக்கொண்டு குழம்பக் கூடாது. அதற்காக நடுவில் ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். தேயிலை வடிகட்டி மாதிரி இல்லை. இது கணக்கு வடிகட்டி. அதில் சில மாறிலி எண்கள் இருக்கும். அவற்றில் ஓர் எண் –1.992476. அதைக் கையால் தட்டச்சு செய்தவர் –0.1992476 என்று உள்ளிட்டுவிட்டார்.

புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனது. எண் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதன் விளைவு, ராக்கெட்டின் உருளலைப் பற்றிய தகவல் கணினிக்கு ஏறக்குறைய பூஜ்யமாகவே போய்ச் சேர்ந்தது. சென்டார் அடுக்கு தனியாகப் பறக்கத் தொடங்கியதும் உருள ஆரம்பித்தது. கணினியோ "நான் உருளவே இல்லையே" என்று நினைத்துக்கொண்டிருந்தது. முதலில் உருளல் கட்டுப்பாடு போனது. பிறகு மற்ற இரண்டு திசைக் கட்டுப்பாடும் போனது. நிலைப்படுத்தும் சிறு உந்திகள் போராடிப் போராடித் தங்கள் எரிபொருளைத் தீர்த்துவிட்டன. ஆனாலும் பெரிய இயந்திரம், நேரம் வந்ததும், கடிகாரத்துக்குக் கீழ்ப்படிந்து எரிந்தது. திசை தெரியாமல் கரணம் போட்டுக்கொண்டே எரிந்தது. 35,800 கிலோமீட்டருக்குப் போக வேண்டிய துணைக்கோளம், எதற்கும் உதவாத தாழ்ந்த பாதையில் போய் விழுந்தது.

இதில் மனத்தை உறுத்தும் இன்னொன்று உண்டு. அந்த உருளல் வடிகட்டி உண்மையில் தேவையே இல்லை என்று முன்னமே தெரிந்திருந்தது. "முன்பு இருந்தது, அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவைத்திருந்தார்கள்.

சரி, யாருமே சரிபார்க்கவில்லையா? பார்த்தார்கள். மென்பொருளைச் சோதித்தார்கள், ஆனால் வழக்கமான மாதிரி எண்களை வைத்துச் சோதித்தார்கள். பறக்கப்போகும் உண்மையான எண்ணை வைத்து யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு குழு "மென்பொருள் சரி" என்றது. இன்னொரு குழு "வடிவமைப்பு சரி" என்றது. உள்ளே போன எண் சரியா என்று பார்ப்பது யார் வேலை? ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். வேலை முழுவதையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை அறிந்த ஒருவர்கூட இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

ஒருவர் கவனித்தார்

இந்தக் கதையை நான் முதலில் படித்தபோது, தட்டச்சுத் தவறைவிட இப்போது சொல்லப்போகும் பகுதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ராக்கெட் ஏவுதளத்தில் நிற்கும்போதே ஜைரோஸ்கோப் ஒன்றை உணரும். அதுதான் பூமியின் சுழற்சி. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. அதன்மேல் நிற்கும் ராக்கெட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அந்த அளவு திரையில் தெரிய வேண்டும். ஏவுவதற்கு ஒரு வாரம் முன்பே, உருளல் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருப்பதை ஏவுதளத்தில் இருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள்! ஏன் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. ஏவுதளத்து வழிகாட்டல் பொறியாளர் ஒருவர், டென்வரில் இருந்த வடிவமைப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அங்குள்ள தலைவர் இடத்தில் இல்லை. "புதிய எண்களை ஏற்றிய பிறகு உருளல் அளவு ரொம்ப மாறியிருக்கிறது, திரும்ப அழையுங்கள்" என்று குரல் பதிவு விட்டார். தன் மேலாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பினார். மேலாளரோ விடுமுறையில். திங்கட்கிழமை மேலாளர் திரும்பி வந்தார். டென்வரிலிருந்தும் அழைப்பு வந்தது. பேசினார்கள். "எண்களை மாற்றியிருக்கிறோம் அல்லவா, அதனால் அளவும் மாறத்தான் செய்யும்" என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பொறியாளருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். மேலாளரும் டென்வர்காரர்களும் பேசிய நேரத்தில் அவர் வேலையில் இல்லை. எண்ணை எடுத்துத் தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதை ஒருவரும் செய்யவில்லை.

ஏவும் நாளிலும் ஒருவர் குறைந்த அளவைக் கவனித்தார். சோதனை ஒன்றை ஓட்டினார். அந்தச் சோதனையும் மாதிரி எண்களையே பயன்படுத்தியது. "எல்லாம் சரி" என்று பதில் வந்தது. ராக்கெட் கிளம்பியது.

என் கையெழுத்து

இப்போது என் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே சொன்ன யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தேன். தினமும் காலையில் அளவுமானியைப் பூஜ்யத்தில் வைத்துச் சரிபார்த்து, பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, தாமதமாகப் போனதால், பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அதுவரை ஒருநாளும் அது தவறியதில்லையே!

அந்த வரிசையில் வேலை செய்த நேப்பாளத் தம்பி ஒருவர் மதியம் என்னிடம் வந்தார். "அபாங், நொம்போர் லாய்ன்" என்றார். எண் வேற மாதிரி வருகிறதாம். எனக்கு அவசர வேலை. "தா அப்பா அப்பா, புது மெட்டீரியல், அப்படித்தான் இருக்கும்" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். டென்வர்காரர்கள் சொன்ன அதே பதில்! அப்போது எனக்கு டென்வரும் தெரியாது, டைட்டனும் தெரியாது.

மூன்று நாள் உற்பத்தி முழுவதையும் குப்பையில் போட வேண்டியிருந்தது. பாரத்தில் என் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. அதனால் "ஆபரேட்டர் சரியாக அளக்கவில்லை" என்று அந்தத் தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். ஊரில் குடும்பம் அவர் சம்பளத்தை நம்பி இருந்தது.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கேன்டீனில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மேலாளர் அறைக்குப் போய், "அன்றைக்கு நான் சரிபார்க்கவில்லை, அவர் வந்து சொன்னார், நான்தான் கேட்கவில்லை" என்றேன். அவர் கடிதம் என் பெயருக்கு மாறியது. அந்த ஆண்டு எனக்குப் போனஸ் இல்லை. அதெல்லாம் பெரிதில்லை. அந்த இரண்டு நாளை மட்டும் என்னால் இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிறகு என்ன மாறியது?

மூன்று தோல்விகளுக்குப் பிறகு அமெரிக்க விமானப் படை ஒரு பெரிய மறுஆய்வு நடத்தியது. டைட்டன் முடியப்போகிற திட்டம், செலவைக் குறைப்போம் என்று அனுபவசாலிகளையும் கண்காணிப்பையும் குறைத்துக்கொண்டே வந்திருந்தது அதில் தெரிந்தது. சரிபார்ப்பை மறுபடியும் பலப்படுத்தினார்கள். ஒவ்வொரு ஏவலுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக்கினார்கள்.

பலன் கிடைத்தது. 2001 பிப்ரவரியில் அடுத்த மில்ஸ்டார், அதே வகை ராக்கெட்டில், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. 2005 அக்டோபர் 19-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கிலிருந்து கடைசி டைட்டன் 4 கிளம்பும்வரை, பிறகு ஒன்றுகூடத் தோற்கவில்லை. மொத்தம் 39 ஏவல்கள், தோல்வி 4. அதே ராக்கெட்தான், அதே மனிதர்கள்தான். பார்க்கும் விதம் மாறியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. உண்மையான எண்ணைச் சோதியுங்கள். விடையைத் திரும்பச் சரிபார்க்கும்போது மனத்தில் இருக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள்; தாளில் நீங்கள் எழுதிய எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

2. கையெழுத்து என்றால் "நான் பார்த்தேன்" என்று பொருள். கோயில் திருவிழாக் கணக்கோ, முகாமில் பிள்ளைகளின் வருகைப் பட்டியலோ, பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேருந்தில் 42 பிள்ளைகள் ஏறினார்களா என்று தலையை எண்ணுங்கள், பட்டியலை எண்ணாதீர்கள்.

3. ஒருவர் "ஏதோ சரியில்லை" என்று வந்து சொன்னால், விளக்கம் கொடுக்கும் முன் எழுந்து போய்ப் பாருங்கள். சொல்பவர் சின்னவராக இருக்கலாம், வெளிநாட்டுத் தொழிலாளியாக இருக்கலாம், மொழி சரியாக வராதவராக இருக்கலாம்.

4. நீங்களே அதைக் கவனித்தவரானால், ஒரு குரல் பதிவோடு நிறுத்தாதீர்கள். பதில் வரும்வரை கேளுங்கள். "தொல்லை பண்றான்" என்று சொல்வார்கள். பரவாயில்லை.

5. தவறு உங்களுடையது என்றால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

குழுவில் பேச

அ. டைட்டன் 4-இன் மூன்று தோல்விகளில் எது தனி ஒருவரின் தவறு? எது எல்லாருடைய தவறு? காரணம் சொல்லுங்கள்.

ஆ. ஏவுதளத்துப் பொறியாளரின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் திங்கட்கிழமை என்ன செய்திருப்பீர்கள்?

இ. உங்கள் கிளையில் "யாராவது பார்த்திருப்பாங்க" என்று விட்டுவைத்திருக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு பெயரைப் போடுங்கள்.

கடைசியாக, அந்தத் தங்கையைப் பற்றி. அடுத்த சனிக்கிழமை இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தன் தாளை எடுத்து, மற்ற ஒன்பது கணக்குகளையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். "அண்ணா, ஏழாவது கணக்குல நீங்க சரி போட்டிருக்கீங்க. ஆனா தப்பு."

வாங்கிப் பார்த்தேன். தப்புதான். நான் பார்க்காமல் சரி போட்டிருந்தேன்.